கேட்பவன் பகைவனா?



நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதையைப் பூசையிலே வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். ஆகாபு அரசனுக்குத் தன் அரண்மனையின் அருகே கிடந்த அந்தத் துண்டு நிலத்தின் மேல் ஆசை வந்தது. வேறு நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். முதுசக் காணியைக் கைமாற்ற மாட்டேன் என்று நாபோத்து மறுத்துவிட்டான்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சற்றுக் கவனியுங்கள். நாபோத்தை எவரும் இருட்டிலே ஒளித்திருந்து கொல்லவில்லை. அரச முத்திரையிட்ட கடிதங்கள் போயின. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். உபவாசம் அறிவிக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் வந்து சாட்சி சொன்னார்கள். தீர்ப்பும் நிறைவேறிற்று. எல்லாம் ஒழுங்கு முறைப்படி நடந்து முடிந்தது. அரசன் தன் புதுக் காணியைப் பார்வையிடப் போனான். அங்கே எலியா வந்து நின்றார். அவரைக் கண்டதும் ஆகாபின் வாயிலிருந்து புறப்பட்ட முதல் வார்த்தை காணியைப் பற்றியதன்று. வந்தவரைத் தன் பகைவன் என்று சொன்ன வார்த்தை.

காணியைப் பற்றிக் கேட்க வந்தவனைப் பகைவன் என்று சொல்லிவிட்டால், காணியைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இல்லாமற் போகிறது. இந்தத் தந்திரம் ஆகாபோடு முடிந்துவிடவில்லை. இன்றைய அரசுகளும் இதைச் செய்கின்றன, நாமும் செய்கின்றோம். கேள்வி கேட்பவன் நடுநிலையற்றவனாக இருந்தால், பதில் சொல்லும் கடமையிலிருந்து நாம் விடுபட்டு விடுகிறோமா? இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டியது இதுவே.

ஜெனீவாவில் ஒரு நாள்

2012 மார்ச் 22-ஆம் திகதி ஜெனீவாவிலே ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மேற்குக் கரையிலும் கிழக்கு யெருசலேமிலும் இஸ்ரேல் அமைத்து வரும் குடியேற்றங்களால் பலஸ்தீன மக்களுக்கு நேர்ந்தது என்ன என்று நேரிற் பார்த்து அறிக்கை தர ஒரு குழுவை அனுப்புவதே அத்தீர்மானம். 36 நாடுகள் ஆதரித்தன. 10 நாடுகள் வாக்களிக்காது ஒதுங்கின. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே.

சில நாட்களுக்குள் இஸ்ரேல் அரசு பேரவையுடன் தன் தொடர்புகளை முறித்துக்கொண்டது. குழுவினர் தன் நாட்டினுள்ளோ மேற்குக் கரையினுள்ளோ கால்வைக்க அனுமதியில்லை என்றும் அறிவித்தது. பிரான்சு நாட்டுக் கிறிஸ்ரீன் ஷானே, பாகிஸ்தானின் அஸ்மா ஜஹாங்கீர், பொற்சுவானாவின் யூனிற்றி டவ் ஆகிய மூன்று பெண்களே அக்குழுவினர். மூவரும் சட்டம் கற்றவர்கள். வாசல் மூடப்பட்டதனால், அவர்கள் அவ்வாண்டு நவம்பரில் யோர்தான் நாட்டு அம்மான் நகரிலே இருந்துகொண்டு, ஆற்றைக் கடந்து வந்த 50 பேருக்கு மேற்பட்டவர்களின் சாட்சியத்தைக் கேட்டார்கள். 2013 ஜனவரி இறுதியில் அறிக்கை வெளிவந்தது. 1967 முதல் சுமார் 250 குடியேற்றங்களும் அவற்றில் ஏறத்தாழ 520,000 மக்களும் உள்ளனர். இவை சர்வதேசச் சட்டத்துக்கு மாறானவை. நிபந்தனையின்றி நிறுத்தப்பட வேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம்.

காணி போகும் வழி

இந்தக் காணிகள் எப்படிக் கைமாறின என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விசாரணையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

1967 ஜூன் யுத்தத்திலே மேற்குக் கரை இஸ்ரேலின் கைக்கு வந்தது. யுத்தத்தாற் பிடிபட்ட நிலத்திலே பிடித்த நாடு தன் குடிமக்களைக் கொண்டுபோய் இருத்தக் கூடாது என்பது 1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 49-ஆவது உறுப்புரை. இஸ்ரேலும் அதில் ஒப்பமிட்ட நாடு. அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே இஸ்ரேல் வெளிநாட்டு அமைச்சின் சட்ட ஆலோசகர் தியடோர் மெரோன், அங்கே பொதுமக்களைக் குடியேற்றுவது அந்த உடன்படிக்கைக்கு முரணாகும் என்று தம் அரசுக்கு இரகசியமாக எழுதிக் கொடுத்தார். நாசிகளின் தொழில் முகாமிலே சிறுபிராயத்தைக் கழித்த யூதர் அவர். அவருடைய ஆலோசனை கோப்பிலே கிடந்தது. அதே மாதத்தில் கிபார் எட்சியோனில் முதற் குடியேற்றம் எழுந்தது.

இதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. 1948-இல் அழிக்கப்பட்ட ஒரு யூதக் கிராமம் அதே இடத்தில் இருந்தது. அதைக் காக்க நின்றவர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். 1967-இல் திரும்பி வந்தவர்களுள் அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள். பிறந்த மண்ணை விட்டோடி மறுபடி அதைத் தேடிப் போகும் ஏக்கம் இன்னதென்று நம்மவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒருவனுடைய உண்மையான துயரம் இன்னொருவனுடைய காணிக்கு உறுதியாகிவிடாது.

1979-இல் எலோன் மோரே வழக்கிலே, தனியார் காணியை இராணுவத் தேவையென்று எடுத்து அதிற் குடியேற்றம் கட்டியது செல்லாது என்று இஸ்ரேலின் உயர் நீதிமன்றமே தீர்த்தது. அதன்பின் வேறு வழி பெருமளவிற் கையாளப்பட்டது. 1858-ஆம் ஆண்டுத் துருக்கியர் காலத்துக் காணிச் சட்டப்படி, மூன்று ஆண்டுகள் பயிரிடாது கிடக்கும் நிலம் அரசுக்குப் போகலாம். இந்தப் பழைய சட்டத்தைத் துணைகொண்டு ஏராளமான நிலம் அரச காணி என்று பிரகடனமாயிற்று. ஒலிவ மரங்களோடு தன் பாட்டனார் விட்டுச்சென்ற மேட்டுநிலத்துக்கு உறுதி எழுதி வைக்காத உழவன் என்ன செய்வான்? முத்திரையும் கடிதமும் நாபோத்தின் காலத்தில் மட்டும் இருந்தவை அல்ல.

பெத்லகேமுக்கு அடுத்த பெயிற் ஜாலாவிலே கிரமிசான் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கே சலேசிய சபைத் துறவிகளின் மடமும், அருட்சகோதரிகளின் கன்னிமடமும் பாடசாலையும் இருக்கின்றன. சுற்றியுள்ள ஒலிவத் தோட்டங்கள் 58 கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சொந்தம். கிலோ, ஹார் கிலோ என்ற இரண்டு குடியேற்றங்களுக்கு இடையில் அப்பள்ளத்தாக்கு அமைந்திருப்பதால், பாதுகாப்பு மதிலை அதனூடாகக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். குடும்பங்கள் வழக்காடின. பங்குக் குருவானவர் வெள்ளிக்கிழமை தோறும் ஒலிவ மரங்களின் கீழே பூசை ஒப்புக்கொடுத்தார். 2015 ஏப்ரலில் நீதிமன்றம் திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. ஜூலையில் மடங்களின் அருகே மட்டும் இடைவெளி விட்டுக் கட்ட இடங்கொடுத்தது. ஓகஸ்ட் மாதம் ஒலிவ மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. நம்மைப் போலச் செபமாலை சொல்லும் குடும்பங்கள் அவை.

மறுத்தவர்கள் சொன்ன நியாயம்

நிற்க. மறுபக்கத்து நியாயத்தையும் கேட்பது நம் கடமை. இஸ்ரேல் அரசு சொன்னவற்றுள் எளிதில் தள்ளிவிட முடியாதவையும் உள்ளன. மனித உரிமைகள் பேரவையின் நிரந்தர நிகழ்ச்சி நிரலிலே ஒரு தனி நாட்டுக்கென்று ஒதுக்கிய இலக்கம் ஒன்றே உண்டு, அது இஸ்ரேலுடையது. 2007-இல் அப்போதைய செயலாளர் நாயகம் பான் கீ மூன் தாமே இதைப் பற்றி ஏமாற்றம் தெரிவித்தார். தம் மக்களை ஒடுக்கும் அரசுகளும் அப்பேரவையிலே கையுயர்த்தி நீதி பேசுவதை எவரும் மறுக்க முடியாது. மேலும், எல்லைகளை நேர்ப் பேச்சுவார்த்தையாலே தீர்க்க வேண்டுமென்றும், 1967-க்கு முன் அந்நிலத்துக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட உரிமை அரசு இல்லாமையால் அது பிணக்குள்ள நிலமேயன்றி ஆக்கிரமிக்கப்பட்ட நிலமன்று என்றும் அவர்கள் வாதாடுகிறார்கள். இந்தக் கடைசி வாதத்தைச் சர்வதேச நீதிமன்றம் 2004-இலும் 2024-இலும் ஏற்கவில்லை.

கத்தோலிக்கராகிய நாம் இன்னொன்றையும் மறக்கலாகாது. யூத மக்களை நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ நாடுகள் பகைத்தன, துரத்தின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அந்தப் பகைமையைக் கண்டித்தது. 1986-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ரோமாபுரியின் யூத செபக்கூடத்திலே அவர்களை மூத்த சகோதரர் என்றழைத்தார். 2023 ஒக்டோபர் 7-ஆம் திகதி இஸ்ரேலியக் கிராமங்களில் நடந்த படுகொலையும், அதையடுத்துக் காசாவின் மேல் வந்த அழிவும் நம் கண்முன்னே நடந்தவை. ஆகையால் இக்கட்டுரையை யூதர்மேல் வெறுப்பூட்டும் எழுத்தாக எவரும் வாசிக்க வேண்டாம். நாம் பேசுவது ஓர் அரசின் செயலைப் பற்றியேயன்றி ஒரு சனத்தைப் பற்றியன்று. எலியாவும் ஆகாபும் ஒரே சனத்தார்.

அன்னாசின் முன்னால்

கேட்பவன் நடுநிலையற்றவன் என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுது என்ன செய்வது?

கிறிஸ்துநாதர் ஏரோதின் முன்னால் மௌனமாக நின்றாரே, அநீதியான நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்றன்றோ என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்த இரவிலே அதற்கு முன் நடந்த ஒன்றையும் அருளப்பர் எழுதி வைத்திருக்கிறார். அன்னாசின் வீட்டிலே விசாரிக்கப்பட்டபோது, தாம் ஒளிவு மறைவாக எதையும் போதிக்கவில்லை என்றும், தம்மைக் கேட்டவர்களையே அழைத்து விசாரிக்கலாம் என்றும் ஆண்டவர் சொன்னார். கன்னத்தில் அறைந்த சேவகனிடமும் தாம் பேசியது பிழையானால் பிழையை எடுத்துக்காட்டும்படி கேட்டார்.

உலகத்திலே அதைவிடப் பாரபட்சமான விசாரணை இருந்ததில்லை. தீர்ப்பு முன்னரே முடிவாகியிருந்தது. அப்படியிருந்தும் அவர் சாட்சிகளின் வாயை மூடவில்லை. அவர்களை அழைக்கச் சொன்னார். ஏரோதின் முன் காத்த மௌனமோ, வேடிக்கை பார்க்க விரும்பியவனுக்குத் தாம் வேடிக்கை காட்டாத மௌனம். அந்த மௌனத்தினால் வேறு எவருடைய காணியும் பறிபோகவில்லை. எவருடைய அழுகையும் மறைக்கப்படவில்லை. அந்த மௌனத்தின் விலையை அவரே செலுத்தினார்.

இந்த வேறுபாடு மிக முக்கியம். நீதிபதியை மறுக்க ஒருவனுக்கு நியாயம் இருக்கலாம். சாட்சியை மறுக்க நியாயம் இல்லை. அவன் நீதிபதியிடம் குறை காணலாம், அவரை மாற்றச் சொல்லலாம், தீர்ப்பை ஏற்காமலும் விடலாம். ஆனால் வாசலைப் பூட்டுகிறவன் நீதிபதியை மட்டும் வெளியே நிறுத்தவில்லை. பேச விரும்பிய உழவனையும், மரம் பறிகொடுத்த தாயையும் உள்ளே அடைத்துவிடுகிறான். அம்மானுக்குப் போகப் பணமும் பத்திரமும் இல்லாதவன் தன் கதையை யாரிடம் சொல்வான்?

அந்நியன் பாரபட்சமானவன் என்றால் வீட்டுக்காரனே கேட்கட்டும் என்று சொல்லலாம். அப்படிக் கேட்டவர்களும் உண்டு. மெரோன் எழுதியதைச் சொன்னோம். 2005-இல் பிரதமர் ஷரோன் கேட்டுக்கொண்டபடி, முன்னாள் அரச வழக்குத் தொடுநர் தாலியா சசோன் என்ற பெண்மணி ஓர் அறிக்கை எழுதினார். அனுமதியின்றி முளைத்த நூற்றுக்கு மேற்பட்ட சிறு குடியேற்றங்களுக்கு அரச திணைக்களங்களே பணமும் வசதியும் கொடுத்து வந்தன என்று அவர் காட்டினார். அவர் பேரவையின் ஆளல்லர், அந்நியருமல்லர். ஆயினும் குடியேற்றங்கள் நிற்கவில்லை. இன்று கிழக்கு யெருசலேமையும் சேர்த்து 700,000-க்கு மேற்பட்டோர் அங்கே குடியிருக்கின்றனர். வெளியார் கேட்டால் பகைவன். உள்வீட்டார் கேட்டால் கோப்பிலே போட்டு வைக்க ஒரு கடதாசி. அப்படியானால் மறுக்கப்பட்டது கேட்டவரா, கேள்வியா?

நம் வீட்டு வாசல்

இஸ்ரேலைப் பற்றி இவ்வளவும் வாசித்துவிட்டுத் தலையசைப்பது நமக்கு எளிது. ஆனால் 2012 மார்ச் 22 நமக்கும் உரிய நாள். அன்று அதே மண்டபத்திலே இலங்கையைப் பற்றிய தீர்மானமும் 24 வாக்குகளால் நிறைவேறிற்று. 15 நாடுகள் எதிர்த்தன. 8 நாடுகள் ஒதுங்கின. அதைக் கொண்டுவந்தது அமெரிக்கா; குடியேற்ற விசாரணையைத் தனியே நின்று எதிர்த்ததும் அதே அமெரிக்கா. சீனா, ருஷ்யா, கியூபா ஆகிய நாடுகள் இஸ்ரேலை விசாரிக்க ஆம் என்றன. இலங்கையைப் பற்றி இல்லை என்றன. தன் நண்பனுக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு வேறு நியாயம்.

இன்னுமொன்று. ஆக்கிரமிக்கப்பட்ட நிலங்களிலே இஸ்ரேலின் செயல்களை விசாரிக்க ஐ.நா. பொதுச்சபை 1968-இல் ஒரு விசேட குழுவை அமைத்தது. அதில் தொடக்கம் முதல் அங்கம் வகித்து, தலைமையும் தாங்கி வந்த நாடு நம் இலங்கை. இஸ்ரேல் அக்குழுவோடு ஒத்துழைக்க மறுத்தது. குழுவும் அயல் நாடுகளிலிருந்து சாட்சியம் கேட்டு வந்தது. அயலான் வாசலிலே இத்தனை காலம் நின்று தட்டிய அதே நாடு, போர்க் காலத்தை விசாரிக்க ஐ.நா. 2014-இல் அமைத்த குழுவுக்குத் தன் வாசலைத் திறக்கவில்லை. அந்த விசாரணைக்கு ஆலோசகராக நியமிக்கப்பட்ட மூவரில் ஒருவர் யார் தெரியுமா? இஸ்ரேலின் வாசலிலே நின்ற அதே அஸ்மா ஜஹாங்கீர். இரண்டு அரசுகளும் அவர் போன விசாரணைகளைப் பாரபட்சம் என்றே தள்ளின. அவரோ தம் சொந்த நாட்டு இராணுவ ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். தேவதூஷணம் சொன்னான் என்று மரண தண்டனை பெற்ற 14 வயதுக் கிறிஸ்தவச் சிறுவனுக்காக 1995-இல் லாகூர் நீதிமன்றத்தில் வாதாடி விடுதலை பெற்றுக் கொடுத்த முஸ்லிம் பெண்மணி. 2018-இல் காலமானார். தன் வீட்டிலே முதலில் கேட்டவருக்கே அயல் வீட்டிலும் கேட்கத் தகுதி உண்டு.

வாசகர்களே, அந்தத் தகுதி நமக்கு உண்டா? 2014-இல் வாசல் மூடப்பட்டபோது நம்மில் பலர் மனம் நொந்தோம். காணாமற் போன பிள்ளைக்காகப் படத்தைக் கையில் ஏந்தி நிற்கும் தாய்மார் நம் பங்குகளிலே இருக்கிறார்கள். கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லையென்று எவரும் சொல்ல நாம் விடமாட்டோம். ஆனால் 2015-இல் வெளிவந்த அறிக்கை அரச படைகளை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பலவந்தமாகப் படையிற் சேர்த்ததையும், மாற்றுக் கருத்துடையோரைக் கொன்றதையும், தப்பியோடிய சனங்களைத் தடுத்ததையும் சேர்த்தே சொன்னது. அந்தப் பக்கங்களை நாம் வாசித்தோமா? அல்லது புரட்டிவிட்டோமா?

1990 ஒக்டோபரில் வடபகுதியிலிருந்து சுமார் 70,000 முஸ்லிம் மக்கள் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்திலே அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஆயுதம் ஏந்தியவர்கள் செய்தது அது. நாம் செய்யவில்லை என்போம். உண்மைதான். ஆனால் அவர்களுடைய வீட்டுக் கதவும் நிலையும் யார் வீட்டுக்குப் போயின? காணிகள் யார் கைக்கு மாறின? அவர்கள் திரும்பி வந்து கேட்டபோது, இவர்கள் ஏன் இப்போது வருகிறார்கள் என்று சொன்னவர்கள் நம்மிலே இல்லையா? கேட்க வந்த அயலவனைப் பகைவன் என்று நினைத்த அந்தக் கணத்தில் நாமும் ஆகாபின் தோட்டத்திலே நின்றோம்.

திருச்சபையும் இதற்கு விலக்கல்ல. டப்ளின் அதிமேற்றிராசனத்திலே சிறுவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றி 2009-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, பிள்ளைகளின் நலத்தைவிடத் திருச்சபையின் நற்பெயரே பெரிதாக எண்ணப்பட்டதென்று காட்டிற்று. நற்பெயரைக் காக்க வாசலை மூடியவர்கள் கடைசியில் அந்த நற்பெயரையும் காக்கவில்லை.

ஆத்தும சோதனை

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு முதலில் வேண்டியது ஆத்தும சோதனை என்று ஞானோபதேச வகுப்பிலே படித்தோம். மனஸ்தாபமும் பிரதிக்கினையும் அதன் பின்னரே வரும். சோதிக்க விடாதவனுக்கு மனஸ்தாபம் வர வழியில்லை. மனஸ்தாபம் இல்லாதவனுக்கு மன்னிப்பும் இல்லை. ஆகவே விசாரணையை மறுக்கும் அரசு தன் எதிரிக்குச் செய்யும் தீமையைவிடத் தனக்குச் செய்துகொள்ளும் தீமையே பெரிது. உண்மை கேட்கும் காதை அது தானே அடைத்துக்கொள்கிறது. காயினிடம் அவன் சகோதரனைப் பற்றிக் கடவுள் கேட்டது, அவருக்குத் தெரியாததனால் அல்ல. காயின் பதில் சொல்லிப் பிழைக்கட்டும் என்றே கேட்டார்.

ஆகாபின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. எலியாவைப் பகைவன் என்ற அதே அரசன், அவர் சொல்லைக் கேட்டபின் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டு, இரட்டு உடுத்தி, உபவாசம் இருந்து, தலைகுனிந்து நடந்தான். ஆண்டவர் அதையும் கண்டு, வரவிருந்த தண்டனையை அவன் நாளிலே நிறுத்தி வைத்தார். அவ்வளவு கொடியவனுக்கும் அந்தக் கேள்வி ஓர் இரக்கமாயிற்று. ஆனால் தோட்டம் நாபோத்தின் வீட்டாருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டதாக வேதாகமத்தில் ஒரு வரியும் இல்லை. அழுவது எளிது, காணியைத் திருப்பிக் கொடுப்பது கடினம். களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை தீராமல் ஏழாம் கற்பனைக்கு எதிரான பாவம் முற்றாகத் தீர்வதில்லை என்பது நம் ஞானோபதேசம்.

இன்றிரவு செபமாலை முடிந்தபின், கிரமிசானின் குடும்பங்களுக்காகவும், அச்சத்தினால் வாசலைப் பூட்டிக்கொள்ளும் இஸ்ரேல் மக்களுக்காகவும், காணாமற் போனோரின் தாய்மாருக்காகவும் ஒரு பரமண்டல மந்திரம் சொல்லுங்கள். பிறகு சற்று மௌனமாயிருந்து, உங்களிடம் எதையோ கேட்க வந்து நீங்கள் திருப்பி அனுப்பிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் பகைவராகவே இருக்கட்டும். அவர் கேட்டது உண்மையா?